எதிர்நீச்சல் இருக்கட்டும், முதலில் மிதக்க விடுங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மகளிர் தின விழாவில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ‘வாழ்க்கையில் எதிர்நீச்சல் போட்டு வென்ற சாதனைப் பெண்மணி’ என்று அதில் பொன்னிற எழுத்தில் பொறித்திருந்தது. கணவர் போன பிறகு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன், அதுதான் சாதனை. நம் ஊரில் லட்சக்கணக்கான பெண்கள் கேடயம் இல்லாமலே செய்துகொண்டிருக்கும் காரியம். மேடையில் பேசிய ஐந்து பேரும் ‘எதிர்நீச்சல்’ என்றார்கள். ஒருவர் ‘புயலிலும் மூழ்காத தோணி’ என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் எனக்கு நீச்சல் தெரியாது. அன்று மேடை ஏறிய ஏழு பெண்களில் ஒருவருக்கும் தெரியாது. கீழே இறங்கியதும் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன்.

அடுத்த வாரம் எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். வயது 46. முதல் நாள், மூன்றரை அடி ஆழத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஓரக் கம்பியை விட முடியாமல் முக்கால் மணி நேரம் கழித்தேன். எதிர்நீச்சல் போட்ட சாதனைப் பெண்மணி!

பயிற்சியாளர் இருபத்தாறு வயதுப் பெண். என்னை ‘அக்கா’ என்பாள். முதல் பத்து நாள் நீந்தவே விடவில்லை. “கை கால் அடிக்கிறதெல்லாம் அப்புறம் அக்கா. மொதல்ல மல்லாக்க மிதங்க. மிதக்கத் தெரிஞ்சா சாக மாட்டீங்க. அதுக்கு மேல கத்துக்கிறது எல்லாம் போனஸ்” என்றாள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. அவள் என் முதுகுக்கடியில் இரண்டு விரலை மட்டும் வைத்திருப்பாள். காது தண்ணீருக்குள் இருக்க வேண்டும், மோவாய் மேலே பார்க்க வேண்டும், மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ள வேண்டும், வயிற்றை மேலே தூக்க வேண்டும். இவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு முறையும் கழுத்து விறைத்துக்கொண்டு தலை தானாக எழும்பும். தலை எழுந்தால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் மூக்கில் தண்ணீர் ஏறும். மனிதத் தலையின் எடை நாலைந்து கிலோ. அதைத் தண்ணீரிடம் கொடுக்காமல் நாமே தூக்கி வைத்திருந்தால், அந்த எடை மொத்தமும் உடம்பைக் கீழே அழுத்தும்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நம் உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்குக் கிட்டத்தட்டச் சமம். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் பெரும்பாலோர் மிதப்பார்கள். கொழுப்பு தண்ணீரை விட லேசானது. பொதுவாகப் பெண்ணுடம்பில் கொழுப்பின் விகிதம் ஆணுடம்பை விட அதிகம், அதுவும் இடுப்பிலும் தொடையிலும். அதனால் பல ஆண்களுக்குக் கால் கல்லாட்டம் இறங்கும், பெண்களுக்கு அவ்வளவாக இறங்காது. ஆக, எந்த இடுப்பையும் தொடையையும் குறைக்கச் சொல்லி இத்தனை வருடம் உலகம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதே இடுப்பும் தொடையும்தான் என்னை மிதக்க வைக்கத் தயாராக இருந்தன. மிதப்பதற்கு வாட்டமான உடம்பு என்னுடையது. மூழ்கும் வித்தையைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

அதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. காலை ஒடுக்கி உட்கார், நெஞ்சை நிமிர்த்தாதே, கையை வீசி நடக்காதே, மல்லாந்து படுக்காதே. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். பெண் பிள்ளை மல்லாந்து படுக்கக் கூடாது என்று என் அப்பாயி சொல்லிச் சொல்லியே நான் ஒருக்களித்துப் படுத்து வளர்ந்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருத்தி என்னிடம் “கையைக் காலை விரிச்சு மல்லாக்கப் படுங்க, ஒண்ணும் செய்யாதீங்க” என்கிறாள். ஒன்றும் செய்யாமல் இருப்பது நமக்குப் பழக்கமில்லாத இன்னொரு வேலை. பதினோராம் நாள் நான் மிதந்தேன். பத்து விநாடிதான். காதில் தண்ணீர் அடைத்து உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுபோனது. எழுந்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுததற்குக் காரணம் சந்தோஷம் மட்டும் இல்லை. எனக்கு எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் குளித்தலைப் பக்கம், காவிரிக் கரை. என் தம்பிக்கு ஏழு வயதானபோது மாமா அவன் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிப் பம்புசெட்டுக் கிணற்றில் தள்ளினார். அவன் அலறினான், நான்கு நாள் தண்ணீர் குடித்தான், அப்புறம் மீன் குஞ்சாகிவிட்டான். அவனுக்கு இரண்டு வயது மூத்த நான் படியில் உட்கார்ந்து அவன் கால்சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கட்டிவிடச் சொல்லிக் கேட்டேன். “உனக்கு எதுக்குடி?” என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ‘எதுக்கு’ என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

எனக்குப் பதினாலு வயதில் அது நடந்தது. ஆற்றில் ஆறு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீர். சித்தியின் கையிலிருந்து குழந்தைச் சட்டை ஒன்று நழுவி மிதந்து போனது. எட்டிப் பிடிக்க நாலடி வைத்தாள். அங்கே மணல் அள்ளிய குழி இருந்தது. ஆள் இல்லை. ஒரு முறை கை தெரிந்தது, ஒரு முறை தலை தெரிந்தது. நாங்கள் செய்தது ஒன்றுதான்: “ஆம்பளைங்க யாராச்சும் வாங்களேன்” என்று கத்தினோம். ஓடி வந்து குதித்தவன் என் தம்பியோடு படித்த ஒரு பொடியன். அவன் கரைக்கு இழுத்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று பாறையில் நான்கு புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர். சித்திக்கும் எங்களுக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இருந்திருக்காது. ஒருத்தி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வீசியிருந்தால் போதும். அது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தோன்றும்படி எங்களுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால் குதிக்காதே, எதையாவது வீசு, நீட்டு என்பது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லப்படும் பாடம். எனக்கு அது முப்பத்திரண்டு வருடம் தாமதமாக வந்தது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? “அவளுக்குத் தண்ணியில கண்டம்னு சோசியர் அப்பவே சொன்னார்” என்றது. “ஒரு சட்டைக்காக ஆத்துக்குள்ள போவாளா?” என்றது. மணல் அள்ளியவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒரு சட்டம் வந்தது: பொம்பளைப் பிள்ளைகள் ஆற்றுக்குப் போகக் கூடாது. பையன்கள் மறுநாளே போய்க் குதித்தார்கள். நான் சண்டை போட வந்திருப்பது இந்தச் சட்டத்தோடுதான். அதன் பெயர் ‘பாதுகாப்பு’. ஆபத்தை எதிர்கொள்ள ஆணுக்குப் பயிற்சி, பெண்ணுக்குத் தடை. தண்ணீர் என்ற இடத்தில் ‘இரவு’ என்றோ ‘பேருந்து’ என்றோ ‘அரசியல்’ என்றோ போட்டுப் பாருங்கள். வாக்கியம் மாறாது.

அந்தப் பாதுகாப்பின் விளைவை 2004 டிசம்பர் 26 கணக்குப் போட்டுக் காட்டியது. ஆழிப்பேரலை வந்து மூன்று மாதம் கழித்து ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. கடலூரில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்றது அது. காரணங்கள் பல. கட்டுமரத்தில் ஆழ்கடலில் இருந்த ஆண்களுக்கு அடியில் அலை கடந்து போனது. மீன் வாங்கக் கரையில் காத்திருந்த பெண்கள்மேல் அது உடைந்தது. பெண்கள் பிள்ளைகளைத் தேடி நின்றார்கள், கிழவிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். உடுத்தியிருந்த துணி காலைச் சுற்றியது. நீந்தவும் மரமேறவும் பலருக்குத் தெரியாது. இலங்கையின் கிழக்குக் கரைத் தமிழ் ஊர்களிலும் இதே கதைதான். அந்த அலையில் யார் நீந்தியிருந்தாலும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அது பொய். ஆனால் கடலை நம்பி வாழும் ஊரிலேயே கடலில் மிதப்பது ஆணின் தொழிலாகவும், கரையில் காத்திருப்பது பெண்ணின் கடமையாகவும் இருந்ததே, அந்த ஏற்பாட்டை எந்த அலையும் கொண்டுவரவில்லை.

இங்கே ஒரு தம்பி கையைத் தூக்குவார். “உலகத்தில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஆண்கள்தானே அதிகம்?” உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் சுமார் மூன்று லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். ஆண்களின் இறப்பு விகிதம் பெண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆண்கள் தண்ணீரில் அதிக நேரம் இருக்கிறார்கள், குடித்துவிட்டு இறங்குகிறார்கள், வீரம் காட்டுகிறார்கள். ‘பயப்படாதே, குதி’ என்று வளர்க்கப்பட்டதன் விலை அது. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வீட்டில் பூட்டி வைத்ததால் குறைவாகச் செத்தோம் என்பதைப் பெண்களுக்குக் கிடைத்த சலுகையாகக் காட்டாதீர்கள். பூட்டு திறக்கும் நாளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2022 ஜூனில் கடலூர் மாவட்டம் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் ஏழு பெண்கள் போனார்கள், சிறுமிகளும் இளம்பெண்களுமாக. ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி என்று இறங்கியிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்கு வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நால்வர் மாயனூரில் காவிரியில் மூழ்கினார்கள். மைதானத்தில் ஓடிய, உதைத்த, வலுவான கால்கள் அவை. அந்தக் கால்களுக்குத் தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த எதிர்ப்பு நம் தோழிகளிடமிருந்தே வரும். “நீச்சல் என்பது மாதம் ஆயிரக்கணக்கில் கட்டும் நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு. குடிக்கவே தண்ணீர் இல்லாத பெண்களிடம் போய் மிதக்கச் சொல்வீர்களா?” பாம்பன் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். புடவைமேல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அது பிழைப்பு. தீவுகளைச் சுற்றிய கடலைத் தேசியப் பூங்கா ஆக்கியபின் வனத்துறைக் கெடுபிடியோடும் அவர்கள் மோத வேண்டியிருக்கிறது. அவர்களைத் திரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. தமிழ்ப் பெண்ணுடம்புக்கும் நீச்சலுக்கும் ஆகாது என்பவர்கள் அந்த உடம்புகளைப் பார்த்ததில்லை. வறுமை அவர்களைக் கடலில் இறக்கியது. ‘கௌரவம்’ நம்மைக் கரையேற்றியது. கௌரவத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

நம் எல்லோருக்கும் ஒரே தண்ணீர் மறுக்கப்பட்டதாகவும் நான் சொல்ல மாட்டேன். 1927இல் அம்பேத்கர் மஹாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்ததே ஒரு போராட்டமாக இருந்தது. 2018இல் மகாராஷ்டிரத்தில் கிணற்றில் குளித்ததற்காகத் தலித் சிறுவர்களைத் துணியுரித்து அடித்தார்கள். என் தம்பி குதித்த பம்புசெட்டுக் கிணற்றில் எங்கள் ஊர்ச் சேரிப் பையன்கள் குதிக்க முடியாது. அந்தப் பையன்களுக்கே இல்லாத கிணறு, அவர்களுடைய அக்கா தங்கைகளுக்கு இரண்டு மடங்கு தூரம். தண்ணீரை யார் தொடலாம் என்பதில் சாதியும் ஆணாதிக்கமும் ஒரே மொழி பேசுகின்றன: தீட்டு. மாதவிடாய் நாளில் குளத்துக்கு வராதே என்று எங்கள் பயிற்சி இடத்தின் ஆண் மேலாளர் எழுதி ஒட்டிய காகிதத்தை என் பயிற்சியாளர் கிழித்துப்போட்டாள். “டேம்பானும் கப்பும் எதுக்கு இருக்கு சார்?” என்று அவள் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

குளத்தின் நேர அட்டவணையையும் கொஞ்சம் படிக்கலாம். காலை ஆறு முதல் ஒன்பது வரை ‘பொது’. மாலை ஐந்து முதல் எட்டு வரை ‘பொது’. பெண்களுக்கு மதியம் பதினொன்று முதல் பன்னிரண்டு. பொது என்றால் ஆண்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற பெண்ணும், பள்ளி கல்லூரிக்குப் போகிற பெண்ணும் மதியம் பதினோரு மணிக்கு எங்கே வருவாள்? நான் அரை நாள் விடுப்புகளைச் சேர்த்து வைத்துத்தான் பழகினேன். “ஆள் வர்றதில்ல மேடம், அதான் ஒரு மணி நேரமாக் குறைச்சிட்டோம்” என்கிறார்கள். வர முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு வரவில்லை என்று புள்ளிவிவரம் எடுக்கும் தந்திரம் பழையது. உடை விதியும் அப்படித்தான். நைலான் உடை என்றால் முழங்கால் வரை, மணிக்கட்டு வரை மூடியதும் நைலான்தான். எங்கள் வகுப்பிலிருந்த கல்லூரி மாணவி தலையை மூடும் நீச்சலுடையோடு வந்தபோது வாசலில் நிறுத்தினார்கள். அதிகம் காட்டினால் ஒழுக்கம் கெட்டவள், மூடினால் விதி மீறியவள். அன்று நாங்கள் ஒன்பது பேரும் வாசலில் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அவளை உள்ளே விட்டார்கள்.

மிதந்த பிறகு அடுத்த பாடம் ஆழத்துக்குப் போனது. கால் தரையில் படாத இடத்தில், எங்கும் போகாமல், தலையை வெளியே வைத்துக்கொண்டு நிற்பது. அதை என் பயிற்சியாளர் ‘தண்ணியில நிக்கிறது’ என்பாள். கையை மேலும் கீழும் அடிக்கக் கூடாது. மேஜை துடைப்பது போலத் தண்ணீருக்கடியில் உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்து வெளியேயும் உள்ளேயும் தேய்க்க வேண்டும். கால்கள் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அகன்று, ஒன்று மாற்றி ஒன்றாக வட்டம் போட வேண்டும். மெதுவாக, மூச்சு தப்பாமல். முதலில் நான் ஆவேசமாக உதைத்து இருபது விநாடியில் களைத்துப்போனேன். “ஏன் அக்கா தண்ணியோட சண்டை போடுறீங்க? அது உங்களை ஒண்ணும் சொல்லலையே” என்றாள். எங்கள் வகுப்பில் அறுபத்தொரு வயது ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். அவர்தான் எங்களில் முதலில் மூன்று நிமிடம் நின்றவர். “முப்பத்தஞ்சு வருசம் நைட் டூட்டி பார்த்தவளுக்கு மூணு நிமிசம் நிக்கிறதா கஷ்டம்?” என்றார்.

இப்போது என்னால் பத்து நிமிடம் நிற்க முடியும். எவரையும் முந்தத் தெரியாது, பட்டாம்பூச்சி நீச்சல் தெரியாது. வேகம் கற்றுக்கொடுப்பதுதான் நீச்சல் பயிற்சி என்று நினைக்கிறவர்களுக்கு என் திறமை ஒரு பொருட்டே இல்லை. 1959இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆரத்தி சாஹா எனக்கும் பெருமைதான். ஆனால் ஒரு சமூகம் பெண்களை எப்படி நடத்துகிறது என்பதற்கு ஒரு ஆரத்தி சாஹா அளவுகோல் ஆக முடியாது. முழங்கால் தண்ணீரில் குழி வந்தால் ஒரு சாதாரணச் சித்தி இரண்டு நிமிடம் தாக்குப்பிடிப்பாளா என்பதே அளவுகோல்.

ஆகவே என் கோரிக்கைகள் சாதாரணமானவை. அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், பையனுக்கும், மிதக்கவும் நிற்கவும் கரையிலிருந்து காப்பாற்றவும் கற்றுக்கொடுங்கள். பள்ளிக்கொரு நீச்சல் குளம் கட்ட வேண்டாம். வங்கதேசத்தில் ஊர்க்குளத்தில் மூங்கில் தட்டி கட்டி, 25 மீட்டர் நீந்தவும் 30 விநாடி மிதக்கவும் சிறுவர் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நம்மிடம் ஏரி குளத்துக்குப் பஞ்சமா? உடுத்திய துணியோடும் பழக்குங்கள். நெதர்லாந்தில் முதல் நீச்சல் சான்றிதழுக்கே குழந்தைகள் சட்டை கால்சட்டையோடு இறங்க வேண்டும். சுடிதாரோடும் புடவையோடும்தான் நாம் விழுவோம், நீச்சலுடையில் இல்லை. குளங்களில் காலையிலும் மாலையிலும் பெண்களுக்கு நேரம் கொடுங்கள், பெண் பயிற்சியாளர்களைச் சம்பளத்துக்கு வையுங்கள். மணல் குழிகளை மூடுங்கள். மேடையில் ‘எதிர்நீச்சல்’ என்று பேசுகிறவர்கள் இதில் ஒன்றையாவது செய்துவிட்டுப் பேசட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்பேன். ‘இந்த வயசில் எதற்கு’ என்று உங்கள் அம்மாவிடம் சொல்லாதீர்கள், உங்களிடமும் சொல்லிக்கொள்ளாதீர்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தியின் மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது, ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அன்று ஆற்றோடு போன சட்டை அவளுடையது. அவள் அம்மாவைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதே இல்லை. நான் நீச்சல் பழகியதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, “அக்கா, லீவுக்குப் பிள்ளையை உங்ககிட்ட அனுப்பவா?” என்றாள்.

“நீயும் வா” என்றேன். இருவரும் மே மாதம் வருகிறார்கள்.